மதுரை யாருக்கும் கோட்டை இல்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு வாசகர், “மதுரை எந்தக் கட்சியின் கோட்டை?” என்று கேட்டிருந்தார். “யாருடைய கோட்டையும் இல்லை” என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், மீதிப் பேர் தங்கள் ஊர்த் தொகுதியைப் பற்றிப் பல நாளாக மனதில் வைத்திருந்த சந்தேகத்தைக் கேட்டிருக்கிறார்கள். சினிமா, சமையல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், அந்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

“ஐயா, எங்கள் மதுரை மேற்கு எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த தொகுதி. 2011, 2016, 2021 என்று மூன்று தடவையும் அ.தி.மு.க.வின் செல்லூர் ராஜூதான் ஜெயித்தார். கோட்டை என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?” — விளாங்குடி வாசகர்

மூன்று தடவை தொடர்ந்து ஜெயிப்பது சாதாரணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2011-க்கு முன்னால் கொஞ்சம் போய்ப் பாருங்கள். 1967-ல் மதுரை மேற்கில் ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் என். சங்கரய்யா. 1971-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.டி.கே. தங்கமணி. 1980-ல் எம்.ஜி.ஆர்., அவரிடம் அப்போது தோற்றவர் தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கம். அதே முத்துராமலிங்கம் அதே மேற்கில் 1989-ல் ஜெயித்து அமைச்சரும் ஆனார். 1996-ல் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன், தி.மு.க. 2001-லும் 2006-லும் அ.தி.மு.க. 2006-ல் ஜெயித்த எஸ்.வி. சண்முகம் இறந்துபோனதால் 2007 ஜூனில் இடைத்தேர்தல் வந்தது, அதில் தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரஸ்காரர் கே.எஸ்.கே. ராஜேந்திரன் ஜெயித்தார். அவரிடம் அன்றைக்குத் தோற்றவர் யார் தெரியுமா? நீங்கள் சொல்கிற அதே செல்லூர் ராஜூதான்.

ஆக 1967-லிருந்து 2007 வரை நாற்பது வருஷத்தில் ஐந்து கட்சிக்காரர்களை அந்தத் தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஒருவரைத் தோற்கடித்து, அப்புறம் அவரையே கூப்பிட்டு ஜெயிக்க வைத்ததும் இரண்டு முறை நடந்திருக்கிறது. இதை ஒரு கட்சியின் சொத்து என்று சொன்னால், யோசித்து ஓட்டை மாற்றிப் போட்ட அத்தனை பேரையும் கணக்கிலேயே சேர்க்காத மாதிரி ஆகிவிடும். என் வருத்தம் அதுதான்.

இன்னொன்று. எம்.ஜி.ஆர். நின்ற மேற்கும் இன்றைக்கு நீங்கள் ஓட்டுப் போடுகிற மேற்கும் ஒரே நிலப்பரப்பு இல்லை. 2008 தொகுதி மறுவரையறையில் எல்லைகள் மாறிவிட்டன. பெயர் மட்டும்தான் பழையது.

“எம்.ஜி.ஆர். ஏன் 1980-ல் மதுரைக்கு வந்து நின்றார்? முந்தின தடவை அருப்புக்கோட்டையில்தானே ஜெயித்தார்?” — ஆரப்பாளையம் வாசகி

அந்த வருஷத்தின் நிலவரத்தைப் பார்த்தால் புரியும். 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம், கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும். அடுத்த மாதமே அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. எல்லோரும் அவர் கதை முடிந்தது என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மே மாதம் 129 இடங்களோடு திரும்பி வந்தார். அப்படியொரு நெருக்கடியில் நிற்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஊர் மதுரை. ஒரே தொகுதியில் ஒட்டிக்கொள்வது அவர் வழக்கமும் இல்லை: 1967, 1971-ல் பரங்கிமலை, 1977-ல் அருப்புக்கோட்டை, 1980-ல் மதுரை மேற்கு, 1984-ல் ஆண்டிபட்டி. முதலமைச்சராக இருந்து 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை அவர் நடத்தியதும் மதுரையில்தான், அப்போது மேற்குத் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் அவரே.

“எங்கள் அய்யா, ஒரே தேர்தலில் இரண்டு ஓட்டுப் போட்டதாகச் சொல்லுவார். கள்ள ஓட்டா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். அது எப்படி?” — மேலூர் வாசகர்

உங்கள் அய்யா சொன்னது முழு உண்மை, அவர் கோபப்பட்டதும் நியாயம். 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. ஒரு பொது இடம், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஒரு இடம், இரண்டும் ஒரே தொகுதிக்குள். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு உண்டு, இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. 1961-ல் சட்டம் போட்டு இந்த முறையை எடுத்துவிட்டார்கள்.

அப்போது முத்திரை குத்துவதும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். கையில் கொடுக்கிற சிறு சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், உங்களுக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எழுத்து வாசனையே இல்லாத லட்சக்கணக்கான பேர் முதல் தடவை ஓட்டுப் போட்டது அப்படித்தான்.

உங்கள் மேலூருக்கு இதில் தனிப் பெருமை உண்டு. கக்கன் 1952-ல் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார், 1957-ல் மேலூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார், 1962-ல் சமயநல்லூரில் ஜெயித்தார், உள்துறை அமைச்சராகவும் இருந்தார். 1967-ல் அதே மேலூரில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். இன்றைக்கும் நேர்மைக்கு உதாரணமாக நாம் சொல்லுகிற அந்த மனிதரைக்கூட மேலூர் தோற்கடித்திருக்கிறது. கக்கன் மேல் யாருக்கும் கோபம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1965-ல் மதுரையிலேயே பற்றிக்கொண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டமும், அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரஸ் மேல் இறங்கியபோது நல்லவர், கெட்டவர் என்று பார்த்து இறங்கவில்லை. அந்தத் தோல்வியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

“உசிலம்பட்டியும் கோட்டை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்!” — செல்லம்பட்டி வாசகர்

சொல்ல மாட்டேன். பி.கே. மூக்கையாத் தேவர் இருந்தவரைக்கும் உசிலம்பட்டி ஃபார்வர்டு பிளாக்கின் சிங்கச் சின்னத்துக்குத்தான். 1957-லிருந்து தி.மு.க. அலை, அ.தி.மு.க. அலை எது வந்தாலும் அவர் நின்றால் அவருக்குத்தான் ஓட்டு. கச்சத்தீவைக் கொடுத்தபோது ராமநாதபுரம் எம்.பி.யாக மக்களவையில் எதிர்த்துப் பேசியவரும் அவரே. ஆனால் 1979-ல் அவர் மறைந்த பிறகு கதை மாறிவிட்டது. 2011-ல் பி.வி. கதிரவன் அதே கட்சிக்காக ஜெயித்தார், அது அ.தி.மு.க. கூட்டணியில் நின்று வந்த வெற்றி. 2016-லும் 2021-லும் அ.தி.மு.க. நேராகவே நின்று எடுத்துக்கொண்டது. அந்த மக்கள் ஒரு மனிதருக்குக் கொடுத்த விசுவாசம் அது, கட்சிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை.

“சேடப்பட்டி என்று ஒரு தொகுதி இருந்ததே, அது எங்கே போனது?” — எழுமலை வாசகி

2008 மறுவரையறையில் போய்விட்டது அம்மா. சேடப்பட்டியும் சமயநல்லூரும் நீங்கின, மதுரை வடக்கும் மதுரை தெற்கும் புதிதாக வந்தன, சோழவந்தான் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய தனித் தொகுதி ஆனது. மாவட்டத்துக்குப் பத்து என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. கிராமத்தில் இருந்த ஓரிடம் நகரத்துக்கு நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்குப்படி அது சரி. ஆனால் ஒரு தாலுகா ஆபீஸ் மனுவுக்குக்கூட எம்.எல்.ஏ.வைத் தேடி வேறு ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு அது இழப்புதான்.

சேடப்பட்டியின் பெயர் சட்டமன்ற வரலாற்றில் அழியாது. சேடப்பட்டி முத்தையா 1991-லிருந்து 1996 வரை சபாநாயகர். அவருக்கு அடுத்து மதுரை மேற்கின் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன். அவருக்கு அடுத்து 2001-ல் திருமங்கலத்தில் ஜெயித்த கா. காளிமுத்து. வரிசையாக மூன்று சபாநாயகர்கள், மூன்று பேரும் மதுரை மாவட்டத்துத் தொகுதிக்காரர்கள்.

“எங்கள் தொகுதிப் பெயரைச் சொன்னாலே ‘ஃபார்முலா’ என்று சிரிக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அவமானமாக இருக்கிறது.” — கள்ளிக்குடி வாசகி

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நடந்தது இதுதான். 2006-ல் திருமங்கலத்தில் ஜெயித்த ம.தி.மு.க.வின் வீர. இளவரசன் இறந்ததால் 2009 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. நூற்றுக்கு 88 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். தி.மு.க.வின் லதா அதியமான் 39,266 ஓட்டு வித்தியாசத்தில் அ.தி.மு.க.வைத் தோற்கடித்தார். வீடு வீடாகப் பணம் போனதாக ஊரே பேசியது. அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து போன ஒரு குறிப்பு 2011-ல் வெளியானபோது, காலைப் பேப்பருக்குள் உறை வைத்து வாக்காளருக்கு 5,000 ரூபாய் கொடுக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. அதிலிருந்துதான் “திருமங்கலம் ஃபார்முலா” என்ற பேச்சு தேசம் முழுக்கப் பரவியது.

இப்போது நான் கேட்கிறேன். அந்தச் சமயத்தில் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி 80 ரூபாய். 5,000 என்பது இரண்டு மாதம் தினமும் வெயிலில் நின்றால் வருகிற பணம். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்கிற ஊரில், கதவைத் தட்டி அதைக் கையில் வைக்கிறவனை விட்டுவிட்டு, வாங்கினவளைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்? கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்றுதான் சட்டம் சொல்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் கெட்டது என்னவோ ஊருக்குத்தான், கொடுத்தவர்களுக்கு இல்லை.

வாங்கினால் அவர்களுக்கே காலத்துக்கும் போடுவார்கள் என்பதும் பொய். இரண்டே வருஷத்தில், 2011 பொதுத் தேர்தலில், அதே திருமங்கலம் அ.தி.மு.க.வை ஜெயிக்க வைத்தது. 2016-லும் 2021-லும் ஆர்.பி. உதயகுமார். வெளியூரில் சிரிக்கிறவர்களிடம் உங்கள் பிள்ளைகள் இதைச் சொல்லட்டும்.

“திருப்பரங்குன்றத்தில் மட்டும் ஏன் எங்களை அடிக்கடி வரிசையில் நிற்க வைத்தார்கள்? ஓட்டுப் போட்டே கால் வலித்துவிட்டது.” — திருநகர் வாசகி

தமிழ்நாட்டில் இப்படி ஒரு அலைச்சல் அபூர்வம்தான். 2016 மே மாதம் பொதுத் தேர்தல். அ.தி.மு.க.வின் எஸ்.எம். சீனிவேல் ஜெயித்தார், ஆனால் முடிவு வந்து ஒரு வாரத்துக்குள், பதவி ஏற்காமலே காலமாகிவிட்டார். நவம்பர் 19-ல் இடைத்தேர்தல். அதற்குப் பதினொரு நாள் முன்னால்தான் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள், ஏ.டி.எம். வரிசையிலிருந்து நேராக பூத் வரிசைக்கு வந்த தேர்தல் அது. அ.தி.மு.க.வின் ஏ.கே. போஸ் ஜெயித்தார்.

அந்தத் தேர்தலில்தான் அந்தக் கைரேகை விஷயம். ஒரு வேட்பாளர் கட்சிச் சின்னத்தில் நிற்க வேண்டுமானால் கட்சித் தலைமை கையெழுத்துப் போட்ட ‘ஏ’, ‘பி’ படிவங்களைக் கொடுக்க வேண்டும். ஜெயலலிதா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது, பக்கத்தில் ஒரு அரசு மருத்துவரின் சான்றொப்பம். இது செல்லாது என்று தோற்ற தி.மு.க. வேட்பாளர் பா. சரவணன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2018 ஆகஸ்டில் போஸும் இறந்துவிட்டார். 2019 மார்ச்சில், போஸின் வெற்றியே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வழக்கைக் காரணம் காட்டி இது தள்ளிப்போனது. மாநிலத்தில் 18 தொகுதிகளுக்கு 2019 ஏப்ரல் 18-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தபோதும் உங்களுக்கு நடக்கவில்லை. ஏப்ரல் 18-ல் நீங்கள் விருதுநகர் எம்.பி.க்கு ஓட்டுப் போட்டீர்கள், விரல் மை மறைவதற்குள் மே 19-ல் எம்.எல்.ஏ.வுக்குத் திரும்பவும் வரிசை. சரவணன் 2,396 ஓட்டில் ஜெயித்தார். 2021-ல் மறுபடியும் அ.தி.மு.க., இந்தத் தடவை ராஜன் செல்லப்பா. 2011-ல் ஜெயித்தது தே.மு.தி.க. என்பதையும் சேர்த்துக்கொண்டால் பத்து வருஷத்தில் மூன்று கட்சி.

கால் வலியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஒன்பது மாதம். 2018 ஆகஸ்டிலிருந்து 2019 மே வரை உங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. கண்மாய் தூர்வார வேண்டும், ரேஷன் கடை பிரிக்க வேண்டும் என்று மனு எழுதினால் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஆள் இல்லை. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று பக்கம் பக்கமாக எழுதின நாங்கள் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் இதைப் பற்றி இன்னும் அதிகமாக எழுதியிருக்க வேண்டும்.

“செத்துப்போன இரட்டை இலை மறுபடி துளிர்த்தது மதுரையில்தான் என்று எங்கள் மாமா சொல்லுவார். சரியா?” — ஒத்தக்கடை வாசகர்

பாதி மதுரை, பாதி மருங்காபுரி. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாக உடைந்து, 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அப்புறம் அணிகள் சேர்ந்து, முடக்கப்பட்டிருந்த இரட்டை இலைச் சின்னத்தை மீட்டன. ஜனவரியில் நடக்காமல் தள்ளிப்போயிருந்த மதுரை கிழக்கு, மருங்காபுரி இரண்டுக்கும் மார்ச்சில் தேர்தல் நடந்தபோது இரண்டிலும் இரட்டை இலை ஜெயித்தது. கிழக்கில் ஜெயித்தவர் எஸ்.ஆர். ராதா. அதே கிழக்கில் 1977-லும் 1980-லும் சங்கரய்யா ஜெயித்திருந்தார், 2016-லும் 2021-லும் தி.மு.க.வின் பி. மூர்த்தி ஜெயித்தார். மாமாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

“2019-ல் மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் பதிவு நடந்தது ஏன்?” — மேல மாசி வீதி வாசகர்

மாசி வீதியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! ஏப்ரல் 18 அன்றைக்குத்தான் சித்திரைத் தேரோட்டம். தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், தேர்தல் ஆணையம் தேதியை மாற்றாமல் மதுரை மக்களவைத் தொகுதிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தது.

“2021-ல் மதுரை மாவட்டத்தில் யாருக்கு எத்தனை?” — வாடிப்பட்டி வாசகர்

ஐந்துக்கு ஐந்து. மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் அ.தி.மு.க.வுக்கு. கிழக்கு, வடக்கு, மத்தி, தெற்கு, உங்கள் சோழவந்தான் தி.மு.க. அணிக்கு.

“எங்கள் தெருவில் யாருக்கு எவ்வளவு ஓட்டு விழுந்தது என்று பார்க்க முடியுமா? பார்த்தால் தப்பா?” — பொன்மேனி வாசகர், கல்லூரி மாணவர்

தாராளமாகப் பார்க்கலாம். ‘படிவம் 20’ என்று ஒன்று இருக்கிறது, வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடுங்கள். 2011, 2016, 2021 மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் பூத்தைப் பாருங்கள். பாகம் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், வாக்காளர் அதிகமானால் ஒரு பூத்தை இரண்டாகப் பிரிப்பார்கள், எண் மாறிவிடும். பள்ளிக்கூடத்தின் பெயர், தெருவின் பெயர் இரண்டையும் வாக்காளர் பட்டியலோடு சரிபாருங்கள். 2011-க்கு முந்தைய கணக்கை இதோடு கூட்டிக் கழிக்காதீர்கள், எல்லையே வேறு.

உங்களுக்குப் பார்க்க முடிகிற இதே கணக்கு கட்சிக்காரர்கள் கையிலும் இருக்கிறது, பயம் அங்கேதான். வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுகிற வழக்கம் இருந்ததால், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியாது. 2001-லிருந்து தமிழ்நாடு முழுக்க எந்திரம், பூத் பூத்தாக எண்ணுகிறார்கள். எந்தத் தெரு கைவிட்டது என்று ஜெயித்தவருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், அந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வராமல் போவதற்கு அது போதும். பல எந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து மொத்தமாகக் காட்டுகிற ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையமே 2008-ல் கேட்டது, சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் மூன்று தேர்தலையும் ஒப்பிட்டு முடித்ததும் எழுதி அனுப்புங்கள், பூத் எண்ணை எடுத்துவிட்டு அடுத்த இதழில் போடுகிறேன்.